காய்க்கும் திராட்சைக் கொடியை இடம் மாற்றலாமா?

‘அம்மா கையால் வைத்த பன்னீர்த் திராட்சை. பன்னிரண்டு வருடமாகக் காய்க்கிறது. இப்போது அந்த இடத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் வருகிறது. கொடியைக் கொல்லையின் மறுபக்கம் மாற்றி வைத்தால் பிழைக்குமா?’

‘பாகப் பிரிவினையில் பந்தல் போட்ட பகுதி அண்ணன் பங்குக்குப் போய்விட்டது. மூன்று வயதுக் கொடிகள். என் பங்கில் உள்ள நிலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி அண்ணனும் அனுமதி கொடுத்துவிட்டார். எந்த மாதம் எடுக்கலாம்?’

‘சாலை அகலப்படுத்தக் கல் நட்டுவிட்டார்கள். ரோட்டோரத்தில் ஒரு ஏக்கர் திராட்சை இருக்கிறது. ஜே.சி.பி. வைத்துத் தோண்டி வேறு இடத்தில் நட்டால் தேறுமா?’

திராட்சை பற்றிக் கேள்வி கேட்கும் வாசகர்களில் பலர் பூச்சி, நோய், கவாத்து பற்றித்தான் கேட்பார்கள். ஆனால், ‘இடம் மாற்றலாமா’ என்று கேட்பவர்களின் குரலில் ஒரு தவிப்பு இருக்கும். காய்த்துக்கொண்டிருக்கும் கொடியை வெட்டிப் போட யாருக்கும் மனம் வராது. மேலே சொன்ன மூன்று கேள்விகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், மூன்றுக்கும் பதில் வேறு வேறு. எந்தக் கொடியைத் தோண்டி எடுக்கலாம், எந்தக் கொடியைக் குச்சியாக எடுத்துப் போகலாம் என்று தெரிந்துகொண்டால் ஒரு கொடியையும் இழக்க வேண்டியதில்லை.

வேர் எங்கே இருக்கிறது?

திராட்சைக்கு வாழை மாதிரி ஒரே இடத்தில் கொத்தாக வேர் இருப்பதில்லை. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு அடி ஆழத்துக்குள் இருக்கும். ஆனால், அகலத்தில் பல அடி தூரம் ஓடியிருக்கும். சொட்டுநீர் விழும் இடம், பாத்தி ஓரம், உரம் வைத்த குழி என்று ஈரமும் சத்தும் இருக்கும் பக்கமெல்லாம் வேர் தேடிப் போயிருக்கும். தண்டுக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் தடித்த வேர்கள். அவை கொடியைத் தாங்கிப் பிடிக்கும், மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும். தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்கள் அவற்றின் நுனியில்தான் இருக்கும்.

தண்டைச் சுற்றி இரண்டு அடி விட்டுத் தோண்டினாலும், நம் கைக்கு வருவது பெரும்பாலும் தடித்த வேர்தான். தண்ணீர் குடிக்கும் வேரில் பெரும்பங்கு பழைய குழியிலேயே அறுந்து நின்றுவிடும். மேலே பந்தல் நிறைய இலை, கீழே குடிக்க வேர் இல்லை. இரண்டு நாள் வெயிலில் கொடி வாடிவிடும். இடம் மாற்றிய கொடி சாவதற்கு முதல் காரணம் இதுதான். ‘மண் ஒத்துக்கொள்ளவில்லை’, ‘நாள் சரியில்லை’ என்பதெல்லாம் அப்புறம்.

வயதுக் கணக்கு

வயது ஏற ஏற வேர் அகலமாகப் பரவும். நாம் எடுக்கும் மண் உருண்டைக்குள் வரும் நல்ல வேர் குறையும். தடித்த வேரை அறுத்தால் அதிலிருந்து புது வேர் கிளம்பவும் தாமதமாகும். அதனால், வயதைப் பார்த்து இப்படி முடிவு செய்யலாம்.

3 வயது வரை: தண்டு பெருவிரல் கனத்தில் இருக்கும். முறையாக எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாராளமாகத் தோண்டலாம்.

4 முதல் 6 வயது: பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். ஒன்றிரண்டு கொடி என்றால், இரண்டு மாதம் முன்கூட்டியே தயார் செய்து முயற்சி செய்யுங்கள். கூடவே குச்சியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7 வயதுக்கு மேல், தண்டு மணிக்கட்டு கனத்துக்கு வந்துவிட்டால்: தோண்ட வேண்டாம். அப்படியே பிழைத்தாலும் பழைய காய்ப்புக்குத் திரும்ப இரண்டு, மூன்று வருடம் ஆகிவிடும். அந்தக் காலத்துக்குள், அதே கொடியின் குச்சியிலிருந்து வந்த புதுக் கொடி பந்தல் ஏறிக் காய்த்துவிடும்.

அம்மா வைத்த கொடியைப் பற்றி எழுதிய வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குச்சி வைத்து வளர்த்தால் அது ‘வேறு கொடி’ என்று நினைக்காதீர்கள். விதை போட்டு முளைத்தால்தான் அது வேறு கொடி. குச்சியில் வந்தது அதே கொடிதான். அதே குணம், அதே மணம், அதே பழம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இருக்கிறதே, மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகம் இத்தனை கிராமங்களுக்குப் பரவியது குச்சி வழியாகத்தான். ஒரு தோட்டத்துக் குச்சி அடுத்த தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போய் இன்று பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தலாக நிற்கிறது. உங்கள் அம்மா வைத்ததும் எங்கிருந்தோ வந்த ஒரு குச்சியாகத்தான் இருக்கும். பழைய கொடியோடு போவது அதன் வயது மட்டும்தான். கொடியை நீங்கள் இழக்கவில்லை.

எந்த மாதம்?

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் திராட்சை இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுத் தூங்கும். அப்போது மண்ணே இல்லாமல் வேரோடு பிடுங்கி வேறு இடத்தில் நடுவார்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு அதேபோல இங்கே செய்யக் கூடாது. நம் ஊரில் திராட்சை முழுமையாகத் தூங்குவதே இல்லை. கவாத்து செய்து, தண்ணீரைக் குறைத்து நாம்தான் அதற்கு ஓய்வு கொடுக்கிறோம். ஆகவே, மண் உருண்டையோடுதான் எடுக்க வேண்டும். காலத்தையும் பார்த்து எடுக்க வேண்டும்.

சமவெளி மாவட்டங்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், இரவு குளிர்ச்சியாக இருக்கும். கோடை வருவதற்குள் புது வேர் ஓட இரண்டு மாதம் கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சி போன்ற மேற்கு மலையடிவாரப் பகுதிகளில் ஜூன், ஜூலை மாதமும் ஏற்றது. தென்மேற்குச் சாரலும் மேகமூட்டமும் இலை வாடாமல் காப்பாற்றும். புதுக் கன்று நடுவதற்கும் இதே பருவத்தைத்தான் பரிந்துரைக்கிறோம்.

மார்ச் முதல் மே வரை தொடவே கூடாது. அக்டோபர், நவம்பர் அடைமழையிலும் வேண்டாம். வெட்டுப்பட்ட வேர் தண்ணீர் நின்ற குழியில் அழுகும். துளிர்க்கும் இளந்தளிரை அடிச்சாம்பல் நோய் பிடிக்கும்.

எந்த மாதமானாலும் அறுவடை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். காய் இருக்கும் கொடியையும், கவாத்து செய்து புதுத்தளிர் விட்டுக்கொண்டிருக்கும் கொடியையும் அசைக்கக் கூடாது.

புது இடத்தை முதலில் தயார் செய்யுங்கள்

கொடியைத் தோண்டி வைத்துவிட்டுக் குழி வெட்டுவது, பெண்ணை மணையில் உட்கார வைத்துவிட்டுத் தாலி வாங்கப் போவது மாதிரி. எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே குழி தயாராக இருக்க வேண்டும்.

நாள் முழுக்க வெயில் விழும் இடம் நல்லது. குறைந்தது ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். வேம்பு, தென்னை நிழலில் கொடி வளரும், காய்க்காது. செப்டிக் டேங்க், துணி துவைக்கும் சோப்புத் தண்ணீர் போகும் வழி ஆகியவற்றின் பக்கம் வேண்டாம். மழை பெய்து அரை நாளுக்குமேல் தண்ணீர் நிற்கும் இடமும் ஆகாது.

திராட்சை உப்புக்குத் தாங்காத பயிர். மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7 வரையிலும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழேயும் இருப்பது நல்லது. வீட்டுக் கொல்லை என்றாலும் ஒரு கைப்பிடி மண்ணையும், ஒரு பாட்டில் போர் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். பழைய இடத்தில் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த கொடி, புது இடத்தில் சப்பைத் தண்ணீரில் இலை ஓரம் கருகி நிற்பதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போடுங்கள். ஒரு வாரம் வெயிலில் ஆற விட்டு, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 20 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ கலந்து பாதிக்குமேல் நிரப்பித் தண்ணீர் விட்டு அமர விடுங்கள். பச்சைச் சாணியோ மக்காத குப்பையோ போட்டால் சூடும் கறையானும்தான் வரும்.

பந்தல் கால்களையும் இப்போதே நட்டுவிடுங்கள். கொடி வைத்த பிறகு காலுக்குக் குழி தோண்டினால், அப்போதுதான் ஓட ஆரம்பித்த வேர் மறுபடியும் அறுபடும்.

தோண்டி எடுக்கும் முறை

இரண்டு மாதம் முன்: தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். 4 வயதுக்கு மேற்பட்ட கொடி என்றால் 2 அடி. வட்டத்தை நான்கு பங்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கில் மட்டும் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு, ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். குறுக்கே வரும் வேரைக் கூரான கத்தரிக்கோலால் நறுக்குங்கள். கடப்பாரையால் குத்திக் கிழிக்கக் கூடாது. பள்ளத்தை மணலும் மக்கிய உரமும் சரிபாதியாகக் கலந்து நிரப்பித் தண்ணீர் விடுங்கள். நறுக்கிய இடத்துக்குப் பக்கத்தில், அதாவது நாம் எடுக்கப்போகும் மண் உருண்டைக்குள்ளேயே புது சல்லிவேர் கிளம்பும்.

ஒரு மாதம் முன்: மீதி இரண்டு பங்கையும் இதேபோலச் செய்யுங்கள். ஒரே நாளில் நான்கு பக்கமும் வெட்டினால், எடுப்பதற்கு முன்பே கொடி வாடிவிடும்.

வேரில் கழலை கழலையாக முடிச்சு தெரிகிறதா என்று இந்தச் சமயத்தில் பாருங்கள். இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தக் கொடியைத் தோண்டிப் புது நிலத்துக்குக் கொண்டுபோவது, நூற்புழுவை வண்டி வைத்து அழைத்துப் போவதற்குச் சமம். அதைக் கைவிட்டுக் குச்சி மட்டும் எடுங்கள்.

பத்து நாள் முன்: பாசனத்தைக் குறையுங்கள். எடுப்பதற்கு இரண்டு நாள் முன் ஒரே ஒரு முறை நன்றாக நனைய விடுங்கள். மண் புட்டுப் பதத்தில் இருந்தால்தான் உருண்டை உடையாமல் வரும். சேறாக இருந்தாலும் உதிரும், காய்ந்திருந்தாலும் உதிரும்.

எடுக்கும் நாள்: முதலில் மேலே வெட்ட வேண்டும். இங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். பந்தல்மேல் படர்ந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, தண்டை முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரத்துக்குள் வெட்டி, இரண்டு மூன்று மொட்டுள்ள ஒன்றிரண்டு இளங்குச்சிகளை மட்டும் விட வேண்டும். வேர் எவ்வளவு குறைகிறதோ, மேலேயும் அவ்வளவு குறைய வேண்டும். ‘ஐயோ, இவ்வளவு கொடியையும் வெட்டுவதா’ என்று பாதியை விட்டுவைத்தால் முழுவதும் போகும்.

பந்தல் கொடியில் இளங்குச்சி எல்லாம் ஆறடிக்கு மேலேதானே இருக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் இரண்டு மாதம் முன் வேர் நறுக்கும்போதே, தண்டின் கீழ்ப்பகுதியில் வரும் ஒரு துளிரைக் கிள்ளாமல் வளரவிட வேண்டும். இடம் மாறிய பிறகு அதுதான் புதுத் தண்டு. இதில் ஒரு எச்சரிக்கை. பன்னீர்த் திராட்சை பெரும்பாலும் சொந்த வேரில் நிற்பது, அதனால் அடியிலிருந்து வரும் துளிரையும் நம்பலாம். டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடிமேல் ஒட்டுக் கட்டிய கொடி என்றால், ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் வேர்ச்செடியின் துளிர். அதை வளர்த்தால் பந்தல் நிறைய இலை இருக்கும், நீங்கள் விரும்பிய பழம் இருக்காது. இலை வடிவம் வேறாக இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒட்டுக்கு மேலே வரும் துளிரைத்தான் விட வேண்டும்.

பிறகு, பழைய வட்டத்துக்கு வெளியே பள்ளத்தை அகலப்படுத்தி 2 அடி ஆழம் போய், அடியில் சாய்வாக வெட்டி உருண்டையைப் பிரியுங்கள். ஈரச் சாக்கால் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உருண்டைக்கு அடியில் பலகையோ சாக்கோ கொடுத்து இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். வேலையை மாலை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நடும்போது பழைய இடத்தில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் வர வேண்டும். மண் அமரும் என்பதால் ஓர் அங்குலம் உயர்த்தியே வையுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். குழியில் இறக்கிய பிறகு சாக்கை அவிழ்த்து எடுத்துவிட்டு, மண்ணைச் சுற்றிலும் போட்டுக் காலால் மெல்ல அமுக்கி, குழி நிறையத் தண்ணீர் விடுங்கள். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றுப் பை இருக்கக் கூடாது.

தண்டில் வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் பசை தயார். இரும்புப் பாத்திரம் ஆகாது. அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

நட்ட பிறகு ஒரு வருடம்

மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன் பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து நான்கைந்து நாளுக்கு ஒரு முறை போதும். தினமும் ஊற்றுவது அன்பால் செய்யும் கெடுதல். வேர் இல்லாத கொடியால் குடிக்க முடியாது. ஈரத்திலேயே நின்றால் வெட்டுப்பட்ட வேர் அழுகும்.

தண்டைச் சுற்றிக் கரும்புத் தோகை, காய்ந்த இலை, தென்னை நார்க் கழிவு என எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளியிருக்கட்டும். மேற்கு வெயில் படாமல் ஒரு மாதத்துக்குத் தென்னங்கீற்றோ நிழல்வலையோ கட்டுங்கள்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் துளிர் தெரியும். தெரியவில்லை என்றால் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருங்கள்.

முதல் இரண்டு மாதம் யூரியா, டி.ஏ.பி. எதுவும் வேண்டாம். பிறகு, மாதம் ஒரு முறை மண்புழு உரம் இரண்டு கிலோ வைத்தால் போதும். நன்றாக வளரும் ஒரு துளிரை மூங்கில் குச்சியில் கட்டிப் பந்தலுக்கு ஏற்றுங்கள். மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

முதல் வருடம் பூங்கொத்து வந்தால் கிள்ளி எறிந்துவிட வேண்டும். ‘இடம் மாற்றியும் காய்த்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டு விட்டுவைத்தால், வேருக்குப் போக வேண்டிய சத்து காய்க்குப் போய்விடும். ஒரு கொத்துப் பழத்துக்கு ஆசைப்பட்டு ஒரு வருட வளர்ச்சியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நடந்து வரும் கொடி: பதியம்

புது இடம் பத்துப் பதினைந்து அடிக்குள்தான் இருக்கிறதா? தோண்டவே வேண்டாம். பந்தலில் நீளமாக ஓடியிருக்கும் பென்சில் கனமுள்ள ஒரு முற்றிய குச்சியைக் கீழே இறக்கி, புதுக் குழிவரை கொண்டுவாருங்கள். மண்ணில் புதையும் கணுவுக்குக் கீழே லேசாகப் பட்டையைச் சீவி, நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். நுனி வெளியே நிற்க வேண்டும். மண்ணை ஈரமாக வைத்திருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். அதுவரை தாய்க்கொடி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும், ஆகவே வாடும் பயம் இல்லை. வேர் பிடித்த பிறகு தாய்க்கொடியிலிருந்து ஒரே வெட்டாக வெட்டாமல், முதலில் பாதிக் கனம் வெட்டி, இரண்டு வாரம் கழித்து முழுவதும் பிரியுங்கள்.

இடம் தூரமாக இருந்தால் ஒரு தொட்டியிலோ மண் நிரப்பிய சிமென்ட் சாக்கிலோ பதியம் போட்டு, வேர் பிடித்ததும் தூக்கிப் போகலாம்.

குச்சி எடுக்கும் முறை

அறுவடை நேரத்திலேயே நன்றாகக் காய்த்த, நோயில்லாத கொடிக்கு ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள். கவாத்தின்போது, அந்தக் கொடியிலிருந்து மட்டும் பென்சில் கனமுள்ள, பழுப்பு நிறத்தில் முற்றிய குச்சியாகப் பாருங்கள். பச்சைக் குச்சி அழுகும். நான்கு கணு உள்ளதாக வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவை ஒட்டி நேராகவும், மேல்பக்கம் கணுவுக்கு ஓர் அங்குலம் மேலே சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. சூடோமோனாஸ் லிட்டருக்கு 20 கிராம் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் நனைத்து, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி பாலித்தீன் பையில் நட்டு நிழலில் வையுங்கள். செம்மண், மணல், தொழு உரம் சம அளவு கலந்தால் போதும். நான்கைந்து மாதத்தில் நடவுக்குத் தயாராகும். நட்டு ஒன்றரை முதல் இரண்டு வருடத்தில் முதல் காய்ப்பைப் பார்க்கலாம்.

ஏக்கர் கணக்கில் மாற்றுபவர்களுக்கு

பன்னீர்த் திராட்சைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி என்றால், ஏக்கருக்குச் சுமார் 670 கொடி வரும். அத்தனையையும் ஜே.சி.பி. வைத்துத் தோண்டினால் உருண்டை உடையும், வேர் கிழியும், கூலியும் வாடகையும் கையைக் கடிக்கும். இதற்கு மாறாக ஒரு கணக்குப் போடுங்கள். அடையாளம் வைத்த 30 கொடியிலிருந்து கொடிக்கு 30 குச்சி எடுத்தால் 900 குச்சி. அதில் கால் பங்கு வேர் விடாமல் போனாலும் 675 கன்று கையில் நிற்கும். ஒரு ஏக்கருக்கு அது போதும். குச்சி உங்கள் தோட்டத்துக் கவாத்துக் கழிவு, செலவு பையும் மண்ணும்தான். கன்று தயாராகும் நான்கைந்து மாதத்தில் பழைய தோட்டத்தில் இன்னொரு அறுவடையும் எடுத்துவிடலாம்.

திராட்சைத் தோட்டத்தில் உண்மையில் இடம் மாற்றத் தகுந்த சொத்து பந்தல்தான். கல் கால்களும் கம்பியும்தான் முதலீட்டில் பெரிய பங்கு. அவற்றைச் சேதமில்லாமல் பிரித்து எடுக்கச் செலவு செய்யுங்கள்.

சாலைக்கு நிலம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, நிலத்தில் உள்ள மரம், செடிகளின் மதிப்பைக் கணக்கிட மாவட்ட ஆட்சியர் வேளாண்மை, தோட்டக்கலை அனுபவம் உள்ளவர்களின் உதவியைப் பெறலாம். எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கிறார்கள் என்பதை நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள். கொடிகளை எண்ணி, வயதைக் குறித்து அளவெடுப்பு முடியும்வரை ஒரு கொடியையும் தோண்டாதீர்கள். இல்லாத கொடிக்கு யாரும் மதிப்புப் போட மாட்டார்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு வயதுக் கொடியை இடம் மாற்றினேன். மூன்று வாரத்தில் அழகாகத் துளிர்த்தது. ஒரு மாதம் கழித்து இலை எல்லாம் தொங்கிவிட்டது. தண்ணீர் குறையா?

பதில்: துளிர் வந்தது வேர் வந்ததற்கு அடையாளம் அல்ல. தண்டில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தை வைத்தே கொடி துளிர்த்துவிடும். அந்தக் கையிருப்பு தீரும்போது வேர் தயாராக இல்லையென்றால் இலை தொங்கும். தண்ணீரைக் கூட்டாதீர்கள். ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். நிழல் கட்டி, காலை மாலை இலைமேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். தண்டு பச்சையாக இருந்தால் மீண்டுவிடும்.

கேள்வி: கவாத்து செய்த இடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது. கொடி பட்டுவிடுமா?

பதில்: பயப்பட வேண்டாம். வேர் அழுத்தத்தால் மேலேறும் நீர் வெட்டுவாய் வழியாக வடிகிறது, அவ்வளவுதான். சில நாளில் தானாக நிற்கும். வடிவது நின்று வெட்டுவாய் காய்ந்த பிறகு போர்டோ பசை தடவுங்கள். ஈரத்தில் தடவினால் ஒட்டாது.

கேள்வி: பழைய கொடி பட்டுப்போன அதே குழியில் வேறு கொடியை மாற்றி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பட்டுப்போன காரணம் நூற்புழுவோ வேர் அழுகலோ என்றால், அது அந்த மண்ணில்தான் இருக்கும். ஐந்தாறு அடி தள்ளிப் புதுக் குழி எடுங்கள். வேறு வழியில்லை என்றால், பழைய மண்ணை எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் புது மண் நிரப்பி, டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தொழு உரம் இட்டு நடுங்கள்.

கேள்வி: மாடியில் டிரம்மில் வளரும் கொடியைத் தரையில் வைக்கலாமா?

பதில்: எல்லாவற்றிலும் சுலபம் இதுதான். வேர் முழுவதும் டிரம்முக்குள்ளேயே இருப்பதால் இழப்பு குறைவு. டிரம்மைக் கிழித்து எடுத்துவிட்டு, சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரை நான்கு இடத்தில் கீறி விரித்துவிட்டு நடுங்கள். விரிக்காமல் நட்டால் அந்த வேர் தரையிலும் வட்டம்தான் சுற்றும். மேலே பாதியாவது கவாத்து செய்துவிடுங்கள்.

கேள்வி: தோண்டவும் முடியவில்லை, அடுத்த வாரமே இடத்தைக் காலி செய்ய வேண்டும். என்ன செய்வது?

பதில்: நாற்பது, ஐம்பது முற்றிய குச்சியை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, ஓரிரு நாளில் பையில் நட்டுவிடுங்கள். பருவம் தவறினாலும் அதில் பாதியாவது வேர் விடும். உறவினர், அக்கம்பக்கத்தவர் இரண்டு மூன்று பேரிடமும் சில குச்சிகளைக் கொடுத்து வையுங்கள். உங்களிடம் உள்ளது பட்டுப்போனாலும் அவர்கள் வீட்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஒட்டுக் கொடியா, சொந்த வேரா, எந்த ரகம் என்று தெரியாதவர்கள், இலையும் குச்சியும் எடுத்துக்கொண்டு தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். மற்ற மாவட்டத்தினர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரிக்கலாம். இந்த இதழுக்குக் கேள்வி எழுதுபவர்கள் கொடியின் வயது, தண்டின் கனம், கடைசியாகக் கவாத்து செய்த மாதம், பாசனத் தண்ணீரின் வகை ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நான்கும் தெரிந்தால் உங்கள் கொடியைத் தோண்டுவதா, குச்சி எடுப்பதா என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடலாம்.